தட்டாத விரல்

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புத்தூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வெளியே நல்ல மழை. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான் இருந்தோம்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நகரி பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் எடைமேடை கிளார்க்காக இருந்தவர். கரும்பு டிராக்டர் ஓட்டி வருகிறவர்கள் போடும் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு வேலை வாங்கியவர். தொண்டையில் கட்டி வந்து, திருப்பதியில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. இப்போது ஒரு சின்னப் பலகையில் எழுதி எழுதி அழிக்கிறார். வீடு அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதியை நான் திட்டாத நாளே கிடையாது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் போனை எதிரில் வைத்து அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். ஆலைக் கதை, என் குழம்பில் இருக்கும் குறை, என் அண்ணனைப் பற்றி நாலு வசவு என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். அந்த போன் பிறகு தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. நல்லவேளை, அதற்குள் லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தேன். அவர் குரல் இருந்த ஒரே இடம் அதுதான்.

அந்த லேப்டாப்போ கிழடு. ஆன் பண்ணிவிட்டு உலை வைத்து அரிசி போட்டுவிட்டு வரலாம். எங்கள் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் சார், இலவசமாக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறது, பழைய மெஷினிலும் நன்றாக ஓடும் என்றார். டவுன்லோட் செய்ததும் நம்பரை ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார். கைரேகை மாதிரி ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து அறுபத்து நாலு இடத்துக்கு ஒரு நம்பர் உண்டாம். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அது மொத்தமாக மாறிவிடுமாம். நான் அதே பள்ளி ஆபீசில் பத்து வருடமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவள். எனக்கா பாடம் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தேடினேன். முதலில் வந்த சைட்டில் பெரிய பச்சைப் பட்டன் இருந்தது. அழுத்தினேன். காலையிலிருந்து இறங்கி, சாப்பாட்டு நேரத்துக்கு முடிந்தது. அதே பக்கத்தில் கீழே அந்த நீள நம்பரும் இருந்தது. சார் சொன்ன மாதிரி லேப்டாப்பில் கணக்கிட்டு, இரண்டையும் ஒத்துப் பார்த்தேன். கடைசி எழுத்துவரை சரியாக இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, உங்க பொண்டாட்டிய இன்னான்னு நெனச்சினு கீறீங்க?" என்று அவரிடம் பெருமையடித்தேன்.

அவர் பலகையை எடுத்தார். 'வண்டி இட்டாந்தவனே சீட்டும் குடுத்தானா?' என்று எழுதினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது ஒண்ணும் உங்க எடைமேடை இல்ல" என்றேன். அவர் அசரவில்லை. அந்த வரிக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு போட்டார். ஆலையில் டிரைவர் நீட்டுகிற சீட்டை மட்டும் நம்பி அவர் எந்த வண்டியையும் ஏற்றியதில்லை. ஆபீஸ் லிஸ்டில் அந்த நம்பர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விடுவார்.

அவர் வாயை அடைக்க வேண்டும் என்றே சாருக்கு போன் போட்டேன். வாயே இல்லாதவரின் வாயை அடைக்கக் கிளம்பிய புத்திசாலி நான்! சைட் பெயரைப் படித்துக் காட்டியதும் சார், "ஆகண்டி அக்கா, ஆகண்டி! அது வேற எவனோ வெச்ச சைட்டு. அந்த நம்பரும் அவனே போட்டதுதான். எதுவும் தொடாதீங்க" என்று அலறினார். நிறுத்துங்கள் என்று அர்த்தம்; பதறினால் அவருக்குத் தெலுங்குதான் முந்திக்கொண்டு வரும். உண்மையான சைட் எது என்று சொன்னார். அடுத்து, "லேப்டாப்ல முக்கியமானது எதுனா கீதுங்களா அக்கா? காப்பி எடுத்து வெச்சீங்களா? ஏத்தும்போது மொத்த டிஸ்கும் அழிஞ்சிடும்" என்றார்.

காப்பி எடுக்கவில்லை. ஏற்றும்போது பழையது அழியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

போனில் உண்மையான சைட்டைத் திறந்து, அதே பதிப்பின் நம்பரை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். நான் லேப்டாப்பில் இருப்பதை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியது, அவர் போனில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டியது, மாறினால் மேஜையைத் தட்ட வேண்டியது. "ஏழு" என்றேன். சும்மா இருந்தார். "சி" என்றேன். தட்டினார். திரும்பவும் "சி" என்றேன். திரும்பவும் தட்டினார்.

அந்த ஃபைலை அழித்தேன். அதற்குள் என்ன இருந்ததோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் வேலையாக அவர் குரலை இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

மறுநாள் பள்ளியிலேயே உண்மையான சைட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலம் மறுபடியும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். பத்து தாண்டியது, முப்பது தாண்டியது, அவர் தட்டவில்லை. அறுபத்து நாலாவதையும் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். விரல் அசையவில்லை. மெதுவாகச் சிரித்தார்.

அன்றே புது சிஸ்டம் ஏறிவிட்டது. எல்லாம் முடிந்ததும் பென் டிரைவைச் செருகி அந்தப் பதிவை ஓடவிட்டேன். "போதுமாடி? டீ ஆறிக்கினு கீது" என்று அதட்டினார், ஒன்றரை வருடத்துக்கு முந்தைய என் வீட்டுக்காரர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது யார் எதை நீட்டினாலும், சீட்டு கொடுத்தது யார் என்று கேட்காமல் நான் வாங்குவதில்லை. வீட்டில் இன்றும் அதே அமைதிதான். ஆனால் அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் விரல் தட்டாத அமைதிக்காகவே காத்திருந்தேனே, அப்போதிலிருந்து, எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று அவர் சொல்கிற மாதிரியே எனக்கு அது கேட்கிறது.