பல் பார்க்காத தரகர்

சென்னகிருஷ்ணன் தம் வாழ்நாளில் ஒரு கதையைக்கூட முழுதாகப் படித்ததில்லை. ஆனாலும் துடியலூரில் பஸ்ஸை விட்டிறங்கி, எழுத்தாளர் வீடு எது என்று கேட்டால் அவரைத்தான் கைகாட்டுவார்கள். அவரும் மறுக்க மாட்டார். "நம்ம ஊடுதானுங்க. உக்காருங்க. என்ன வேணும்? கதையா, கட்டுரையா, கல்யாண வாழ்த்தா?" என்று கேட்டுக்கொண்டே தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார். எழுதுகிறவர் அந்த நேரத்தில் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருப்பார். அவர் மனைவி, ராமாமணி.

தொழிலால் சென்னகிருஷ்ணன் மாட்டுத் தரகர். சந்தை சந்தையாகப் போய், விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று, துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசி, இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவர். பெண் பார்க்க வந்தபோது, "பையன் பிசினஸ் பண்றான்" என்று மட்டும் சொன்னார்கள். ராமாமணியின் அப்பா வால்பாறையில் தேயிலை எஸ்டேட் கணக்கர். மகளைத் தமிழும் இங்கிலீஷுமாகப் பள்ளி இறுதி வரை படிக்க வைத்தவர். என்ன பிசினஸ் என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார். கல்யாணமாகி மறுவாரம் மாப்பிள்ளையின் பிசினஸ் நான்கு காலால் நடந்து வாசலுக்கு வந்து சாணி போட்டது.

ராமாமணியின் முதல் கதை சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்து, அதற்கு மணியார்டர் வந்த நாளில் சென்னகிருஷ்ணன் வீட்டில் இருந்தார். அந்த வருஷம் மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவிச் சந்தைகள் படுத்துவிட்டன.

"இது எதுக்குங்க?" என்று தபால்காரரைக் கேட்டார்.

"அம்மா கதை எழுதினாங்களாமா, அதுக்குங்க."

"காயிதத்துக்கா?"

அன்று முழுவதும் அவருக்கு வேறு நினைவில்லை. இந்தச் சரக்குக்குத் தீனி வேண்டாம். கோமாரி வராது. ஓட்டிக்கொண்டு போகிற வழியில் கால் நொண்டாது. இப்படி ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊர் ஊராக மாட்டு வாலைப் பிடித்துத் திரிந்தோமே என்று உருகிப்போனார்.

"ஏம்புள்ள, இத்தன நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "இனி நீ எழுதறதோட நிறுத்திக்க. யாவாரத்தை நான் பாத்துக்கறேன்."

நான் அடுத்த வீட்டுப் பெண். கையெழுத்து தெளிவாக இருந்ததால் ராமாமணி அக்காவின் கதைகளுக்கு நல்ல பிரதி எடுப்பது என் வேலையாக இருந்தது. ஆகவே சென்னகிருஷ்ணன் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்ட அழகைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

முதல் காரியமாகப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "எங்களிடம் நல்ல கதை ஒன்று கைவசம் உள்ளது. இளசு. நடை சுத்தம். சுழி எதுவும் கிடையாது. நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும்." மாட்டுக்கு வயதைப் பல்லில் பார்ப்பார்கள். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி பார்ப்பார்கள், கெட்ட சுழி இருந்தால் விலை போகாது. அந்த ஆசிரியர் சந்தைக்கே போகாதவர் போலிருக்கிறது. அவர் வரவில்லை. அவர் கையில் ஏற்கெனவே இருந்த இன்னொரு கதைதான் திரும்பி வந்தது.

"மெட்ராஸ்காரனுக்குச் சரக்குத் தெரியாது" என்று சென்னகிருஷ்ணன் உள்ளூருக்குத் திரும்பினார்.

கோட்டைமேட்டில் அப்துல் வஹீது பாயின் அச்சாபீஸ். பம்புசெட் கம்பெனிகள் அங்கேதான் நோட்டீசு அடித்தன. இங்கிலீஷில் இருப்பதைக் குடியானவர்களுக்குப் புரிகிற தமிழில் எழுதித் தர ஆள் வேண்டியிருந்தது. சென்னகிருஷ்ணன் போனார், எதிரில் உட்கார்ந்தார், வலது கையின்மேல் துண்டைப் போட்டு நீட்டினார். வேறொருவர் என்றால் கையில் என்ன அடி என்று விசாரித்திருப்பார். பாயின் வீட்டார் தோல் வியாபாரிகள். அவருக்கும் இந்தப் பேச்சு தெரியும்.

"ஏனுங்க நாயுடு, இங்க நாம ரெண்டு பேரும் இந்த மிஷினும்தான் இருக்கறோம். ஆருக்கு மறைக்கறீங்க?"

"மிஷின் ஓட்டறவருக்குக் காது இருக்குதுங்களே பாய்."

"இந்தச் சத்தத்துல அவருக்குக் காது எப்பவோ போயிருச்சுங்க. சரி, புடிங்க."

விரலைப் பிடித்ததும் பாய் கையை உருவிக்கொண்டார். "இது காங்கேயம் காளைக்கு வெலைங்க நாயுடு. நான் கேட்டது ஒரு பக்க நோட்டீசு."

விலையைக் குறைப்பதில்லை என்பது சென்னகிருஷ்ணனின் கொள்கை. அதற்குப் பதில் வேலையைக் கூட்டிக் கொடுப்பார். "அப்ப ரெண்டு கல்யாண வாழ்த்தும் சேத்து எழுதித் தரச் சொல்றேனுங்க. போதாதுங்களா? ஒரு வரவேற்புப் பத்திரமும் போட்டுக்குங்க." பேரத்தில் அவர் ஒவ்வொரு முறை இறங்கி வரும்போதும் ராமாமணி அக்காவின் பகல்களில் ஒன்று கழிந்துபோனது. வெற்றியோடு வீடு வந்து, சாப்பிட உட்காரும் முன், "எப்படிப் புடிச்சேன் தெரியுமா? இப்படி" என்று மனைவியின் கையைத் துண்டுக்குள் இழுத்து ஒவ்வொரு பிடிக்கும் அர்த்தம் சொல்வார். அவர் மனைவியின் கையைப் பிடித்து நான் பார்த்தது அந்தச் சந்தர்ப்பங்களில் மட்டும்தான்.

வேலையைவிட அவர் தாராளமாகக் கொடுத்தது பெயரை. ஒரு பஞ்சாலை முதலாளி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். பெண் கதை எழுதுவாள் என்று சொல்லியிருந்தார்களாம். கையில் ஒரு கதை இருந்தால் நல்லது. "பேருதானுங்களே, உங்க புள்ள பேரையே போட்டுக்குங்க" என்று சென்னகிருஷ்ணன் முடித்துவிட்டார். கதை ஒரு மலரில் வந்தது, பெண்ணின் போட்டோவோடு. கல்யாணமும் கூடிவிட்டது. அதற்கு வாழ்த்து எழுதியதும் அக்காதான்.

"ஏனுங்க, நான் எழுதினதுக்கு அந்தப் புள்ள பேரைப் போட்டிருக்குதுங்க" என்றார் அக்கா.

"மாட்டை வித்தா நம்ம கயித்தை நாம உருவிக்கறோம். வாங்கறவன் அவங் கயித்தைக் கட்டி ஓட்டிட்டுப் போறான். எந்தச் சந்தையிலயும் அதுதான் முறை. ஒம்பேரு ஒங்கிட்டயேதான இருக்குது? ஆராச்சும் புடுங்கிட்டுப் போயிட்டாங்களா?"

அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலைக்குள் ஆயில் என்ஜின் நோட்டீசு ஒன்று முடிக்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் இடையில் அக்கா தமக்கென்று ஒரு நாவல் எழுதிவந்தார். வால்பாறையில் எஸ்டேட் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் இருக்கும், தேயிலை கிள்ளும் பெண்களின் கதை. அவர் பார்த்து வளர்ந்தது. சென்னகிருஷ்ணன் சந்தைக்குப் போகிற நாட்களில் எழுதுவார். காகிதங்கள் எங்கள் வீட்டில் இருந்தன. ஒருநாள் பிரதியெடுத்த கட்டை நான் கொண்டுபோகும்போது சென்னகிருஷ்ணன் வாசலில் நின்றிருந்தார். வாங்கினார். பிரிக்கவில்லை, கையில் வைத்து மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல கனம். இது பெரிய யாவாரம்."

"இதை விக்கறதில்லீங்க" என்று அக்கா உள்ளேயிருந்து வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "மத்ததை எல்லாம் நீங்க ஆருக்கு வேணா குடுங்க. இது எம்பேர்லதான் வரோணும். இல்லீன்னா வரவே வேண்டாம்."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் சென்னகிருஷ்ணன். அவர் அப்படிச் சொன்னால் ஆள் பிடித்தாயிற்று என்று அர்த்தம்.

பிடித்த ஆள் ரேஸ்கோர்ஸ் பங்களா வரலட்சுமி அம்மாள். மில் முதலாளியின் மனைவி, மாதர் சங்கத் தலைவி. சங்கத்தின் உபதலைவி அந்த வருஷம் தம் போட்டோவோடு ஒரு சமையல் புத்தகம் போட்டிருந்தார். அதைக் கண்டதும் வரலட்சுமி அம்மாள், தாம் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். நாவல் ஒன்றுதான் பாக்கி.

பங்களாவுக்கு நாங்கள் மூவருமாகப் போனோம். கட்டைத் தூக்கிக்கொண்டு நான். "நீ வாயத் தொறக்காத. மாட்டுக்காரன் பேசினா வெலை கெட்டுப்போகும்" என்று வழி நெடுக சென்னகிருஷ்ணன் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா பஸ்ஸிலேயே கட்டை என் மடியிலிருந்து வாங்கி, நடுவிலிருந்து ஒரு அத்தியாயத்தை உருவி மேலே வைத்தார். அது எந்த அத்தியாயம் என்று பிரதியெடுத்த எனக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம் மாதர் சங்கம் வால்பாறைக்குப் போய்க் கம்பளி கொடுத்தது. தலைவியும் வந்தார், உபதலைவியும் வந்தார். அக்கா அப்போது பிறந்தகத்தில் இருந்தார். எல்லாவற்றையும் நேரில் பார்த்தார். வரலட்சுமி அம்மாள் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். தம் கையால் கம்பளிகளைக் கொடுத்து முடித்தார். அதன் பிறகுதான் போட்டோக்காரர் வந்தார். கொடுத்த கம்பளியை எல்லாம் திரும்ப வாங்கி, மடித்து அடுக்கி, மறுபடி கொடுத்தார்கள். இரண்டாம் முறை கொடுக்கையில் ஒரு கம்பளி குறைந்தது. அதைத் தேடி லயன் வீடுகளைச் சோதனை போட்டார்கள். பெயரை மட்டும் மாற்றி, அத்தனையும் அந்த அத்தியாயத்தில் இருந்தது. மாட்டின் கெட்ட சுழியை மாட்டுக்காரியே காட்டி, வியாபாரத்தைக் கலைத்து, சரக்கை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகத் தீர்மானித்துவிட்டார் அக்கா.

வரலட்சுமி அம்மாள் பல்லடத்துப் பக்கம் மாடு கன்றோடு பிறந்து வளர்ந்தவர். சென்னகிருஷ்ணன் பேச ஆரம்பித்ததுமே மாட்டுத் தரகர் என்று கண்டுகொண்டார்.

"ஏனுங்க தரகரே, பல்லுப் பாத்தீங்களா?"

"சொக்கத் தங்கமுங்க. ஒரு சுழி கெடையாது."

"பூராவும் படிச்சீங்களா?"

"ஒரு வரி உடலைங்க" என்றார் சென்னகிருஷ்ணன், கண்ணை இமைக்காமல்.

"சரி அம்மணி, ஒரு பக்கம் படி, கேப்போம்."

அக்கா மேலே இருந்ததை எடுத்துப் படித்தார். மெதுவாக, ஒரு வார்த்தையும் விழுங்காமல் படித்தார். வாந்தி முடிந்து, கம்பளி கொடுத்து, திரும்ப வாங்கி, போட்டோ எடுத்து, சோதனையும் போட்டாயிற்று. சென்னகிருஷ்ணன் மட்டும் சரியான இடம் என்று நினைத்து அவ்வப்போது தலையாட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் வரலட்சுமி அம்மாள் எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. நான் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

"இது அவளேதான்!" என்றார் வரலட்சுமி அம்மாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"அந்த உபதலைவி! அவளேதான்! அச்சு அசலு! வாந்தி எடுத்தாளா, எடுக்கலையா? போட்டோவுக்கு அலைஞ்சாளா, இல்லையா? எங்கூடத்தான வந்தா, எனக்குத் தெரியாதா?" சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு யோசித்தார். "ஆனா இது எம்பேர்ல வரக்கூடாது கண்ணு. பொறாமையில எழுதிப்போட்டான்னு சொல்லுவாங்க. உம்பேர்லயே வரட்டும். அச்சுக்கூலி என்னுது, உனக்கும் தனியாத் தந்தர்றேன். ஒரு எழுத்து மாத்தப்படாது, ஆமா."

சென்னகிருஷ்ணன் பதறினார். "அம்மா, பேரு வேண்டாம்னுட்டா வெலைங்க..."

"செத்த சும்மா இருங்க தரகரே. ஆம்பளை கையவா நான் புடிக்கறது?" என்று வரலட்சுமி அம்மாள் உட்கார்ந்து, முந்தானையை விரித்து, அதற்குள் கையை விட்டு அக்காவை நோக்கி நீட்டினார்.

அக்காவும் அதற்குள் தம் கையை விட்டார். முந்தானை அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. சென்னகிருஷ்ணன் கழுத்தை நீட்டிப் பார்த்தார். சேலைக்கரைதான் தெரிந்தது. வரலட்சுமி அம்மாளின் புருவம் ஏறியது. "அடேயப்பா! இந்தப் புடி ஆரு சொல்லிக் குடுத்தது?" அக்கா தலையைக் குனிந்தபடி தம் கணவரைக் காட்டினார். மறுபடி ஒரு அசைவு. முடிந்தது.

வாசலுக்கு வந்ததும் சென்னகிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். "எத்தனை? எத்தனைக்கு முடிச்சே?"

"துணிக்குள்ள பேசினதை வெளிய சொல்றது முறையில்லீங்களே" என்றார் அக்கா. "இனி யாவாரத்தை நான் பாத்துக்கறேனுங்க."

அவர் இன்றுவரை அந்தத் தொகையைச் சொல்லவில்லை. கணவர் தரகு கேட்டபோது நல்ல சென்னிமலைத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

வஹீது பாயின் அச்சாபீஸில்தான் புத்தகம் அடித்தார்கள். புரூப் திருத்தப் போன என்னிடம் பாய் குரலைத் தாழ்த்தி, "இந்தக் கம்பளியம்மா ஆரும்மா? ரேஸ்கோர்ஸ் அம்மாவாட்ட இருக்குதே?" என்றார். மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அட்டையில் "ராமாமணி" என்று மட்டும் இருந்தது. வரலட்சுமி அம்மாள் பிரதிகளைச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். உபதலைவியும் பிரதிகள் வாங்கினார், அவரைவிட அதிகமாக, தம் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப. சங்கக் கூட்டத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து மிகவும் அன்பாகச் சிரித்துக்கொண்டார்களாம். புத்தகம் மறுபடியும் அச்சாயிற்று. லயன் பெண்களைப் பற்றி அதில் இருந்ததை யாரும் பேசவில்லை. பிற்பாடு வால்பாறையிலிருந்து வந்த ஒரு கங்காணியின் மகள் மட்டும் பேசினாள்.

சென்னகிருஷ்ணன் இப்போதும் சந்தைக்குப் போகிறார். பையில் நாலு பிரதி வைத்திருப்பார். "நம்ம ஊட்டுப் புத்தகம். பேரு போடச் சொல்லி நாந்தான் கறாரா நின்னேன்" என்பார்.

"உள்ள என்னங்க இருக்குது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

"அதை வாங்கறவங்க பாத்துக்கோணுமுங்க" என்றாராம், துண்டை உதறிக்கொண்டே.