முதல் புட்டிக்குக் காசில்லை

பாகம் பிரித்தபோது கடைவீதியிலிருந்த எண்ணெய்க்கடை என் கணவரின் அண்ணனுக்குப் போயிற்று. எங்களுக்கு ஆமணக்கு விளையும் மேட்டுக்காடு. நான் காய்ச்சிய விளக்கெண்ணெயைக் கடையில் வைத்து விற்றுத் தரக் கேட்டுப் போனோம். தம்பி மனைவியிடம் மூத்தார் நேராகப் பேசும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. என் இடுப்பிலிருந்த கைக்குழந்தையைப் பார்த்துச் சொன்னார்:

"சாமி, உங்கம்மா எட்டாவது படிச்சவ. தெருவுல நின்னு கூவி வித்துக்கச் சொல்லு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

சேந்தமங்கலம் சந்தையில் என் கணவர் கூவித்தான் பார்த்தார். பக்கத்திலேயே அண்ணனின் ஆள் உட்கார்ந்து விலையைக் குறைத்தான். எண்ணெய்த் தகரம் நிறைந்தபடியே வீடு திரும்பியது. இன்னொரு வெள்ளாமையும் இப்படிப் போனால் காட்டை அண்ணனுக்கே விற்க வேண்டியதுதான். அவர் அதற்காகவே காத்திருந்தார்.

ஒரு நாள் மகளின் உச்சியில் எண்ணெய் வைக்கும்போது யோசித்தேன். என் தாய்வீட்டில் கொடுத்த எண்ணெயைக்கூட நான் அவளுக்குத் தொட்டு வைக்கவில்லை. நல்ல எண்ணெய்தான், எனக்குத்தான் பயம். பிள்ளைக்கு ஒத்துக்கொண்ட எண்ணெயை எந்தத் தாயும் மாற்றமாட்டாள். அப்படியானால் ஊரெல்லாம் ஏன் கூவ வேண்டும்?

சந்தையை விட்டோம். இனி பிள்ளை பெற்ற வீடுகள் மட்டும். எங்கே பிரசவம் என்பது துணி வெளுப்பவளுக்குத்தான் முதலில் தெரியும். அவள் வந்து சொல்வாள், பதிலுக்கு அவள் வீட்டு எண்ணெய் என் பொறுப்பு. காலி மருந்துப் புட்டிகளை வெந்நீரில் கழுவிக் காயவைத்து நிரப்பினேன். முதல் புட்டிக்குக் காசு வாங்குவதில்லை.

ஒவ்வொரு முறை காய்ச்சியதும் முதல் சொட்டு என் மகளுக்குத்தான். அன்று அவள் தும்மினாலும் நெஞ்சு பதறும். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே வீடு வீடாகப் போனேன். பெற்ற பிள்ளையைக் காட்டி விற்கிறேனோ என்று வழியெல்லாம் குழம்புவேன். அவளுடைய கருகருவென்ற முடியைத் தொட்டு, "இதே எண்ணெதானுங்களா?" என்று யாராவது கேட்டதும் குழப்பம் போய்விடும், மூத்தார் கடையின் சிரிப்பு மட்டும் காதில் நிற்கும்.

பிள்ளைக்கு வாங்கியவர்கள் பிறகு விளக்குக்கும் வாங்கினார்கள். அப்புறம் வண்டி அச்சுக்கும். எல்லாம் மூத்தாருடைய வாடிக்கை வீடுகள். கடைவீதியில் போகும்போது, ஆளில்லாத அந்தக் கடையை நிதானமாகப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

என் மகள் நன்றாகப் பேசத் தொடங்கிய சமயம், மூத்தாரின் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். அங்கேயும் நானே புட்டி கொண்டுபோனேன்.

"மொதப் புட்டிக்குக் காசில்லீங்க. எல்லா ஊட்டுக்கும் அப்படித்தானுங்க" என்று மூத்தார் காதுபடச் சொன்னேன்.

அது தீர்ந்தது. கடையிலிருந்து அவர் கொண்டுவந்த எண்ணெயை அவர் மகள் தன் பிள்ளைமேல் படவிடவில்லையாம். காலிப் புட்டியோடு எங்கள் வாசலுக்கு அவரே வந்தார்.

"சாமி, உங்கம்மாகிட்ட எண்ணெ கேளு" என்றார் என் மகளிடம்.

நானும் மகளிடமே சொன்னேன்: "பெரியப்பாவத் தெருவுல நின்னு கூவிக் கேக்கச் சொல்லு, சாமி."

அவள் சிரித்துக்கொண்டே தெருவைக் கைகாட்டி அப்படியே சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகம் பேசிவிட்டேனோ? போய்விடுவாரோ? அங்கே பச்சைக்குழந்தை இருக்கிறதே.

"எண்ணெ வேணும், அம்மிணி!"

தெருவிலிருந்து அவர் குரல் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

புட்டியைக் கழுத்துவரை நிரப்பி மகளிடம் கொடுத்தனுப்பினேன். அளவு குறைந்தது என்று அவர் எங்கும் போய்ச் சொல்லிவிடக் கூடாது.