உச்சி வழுவழுத்த மூடி

போன மாதம் ஒரு சோற்றுப் பானை மூடிக்காக எங்கள் வீட்டில் இரண்டு பேர் பட்டினி. ஒருவர் எங்கள் வீட்டுக்காரர். இன்னொருத்தி நான். அவர் சாப்பிடாமல் நான் மட்டும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அடுக்களைக்குள் போய் ஒரு கை வறுத்த மல்லாட்டை தின்றேன்... வேர்க்கடலையெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வராது.

விஷயம் இதுதான். மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், சொந்தமாக, இரும்பு கடைகிற லேத் பட்டறை போட்டிருக்கிறார் இவர். பம்புசெட் ரிப்பேர் வந்தால் வேலை. மழை பெய்துவிட்டால் பம்புசெட்டை யார் தேடுகிறார்கள்? பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் திண்டிவனத்திலிருந்து ஒரு பாத்திரக் கடைக்காரர் வந்தார். அலுமினிய மூடி வேண்டுமாம். வழக்கமான தட்டை மூடி இல்லை; குடை விரித்த மாதிரி குவிந்திருக்க வேண்டும். மாதிரி மூடி பிடித்துவிட்டால் மொத்த வேலையும் இவருக்குத்தான்.

பிடிக்காவிட்டால்?

“இது தவறிச்சின்னா லேத்த வித்துட்டு மறுபடியும் மெட்ராஸ்தான்” என்றார் இவர். மெட்ராஸில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தி, தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டவள் நான். அந்த மூடி நல்லபடியாக வர வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் கவலை.

மூடிக்கு முதலில் இரும்பில் ஓர் அச்சு வேண்டும். அச்சை லேத்தில் சுழலவிட்டு, அலுமினியத் தகட்டை அதன்மேல் அமுக்கி அமுக்கிப் படிய வைத்தால் மூடி. அச்சில் ஒரு கீறல் இருந்தால் மூடியிலும் இருக்கும். ஆகவே அச்சு வழுவழுவென்று வர வேண்டும்.

நேர்க்கோட்டில் கடைவது லேத்துக்குச் சுலபம். வளைவுதான் வம்பு. ஒரு கையால் ஒரு கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும், மறு கையால் இன்னொன்றைப் பக்கவாட்டில் சுற்ற வேண்டும் — இரண்டும் ஒரே சமயத்தில், வேறு வேறு வேகத்தில். கொஞ்சம் பிசகினாலும் படிக்கட்டு மாதிரி வரி வரியாக விழுகிறது. வரியை மெல்லியதாக்கி, அதற்குள் இன்னும் மெல்லியதாக்கி, அரத்தால் ராவி, எமரித் தாளால் தேய்த்து... பக்கமெல்லாம் படிந்துவிட்டது. உச்சி மட்டும் படியவில்லை. நட்டநடுவில் ஒரு பரு!

“ஓரம் ஜல்தியா ஓடுது. நடுவுல ஓட்டமே இல்ல, அங்க டூல் எப்பிடி வெட்டும்?” என்றார். டூலின் முனை உச்சிக்கு நேராக, மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டுமாம். டூலுக்கு அடியில் வைத்து உயர்த்த மெல்லிய தகடு வேண்டும் என்று தேடினார். மறுநாள் என் பவுடர் டப்பாவைக் காணோம். பவுடர் மட்டும் பத்திரமாக ஒரு காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. டப்பா போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் பரு போய்விட்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அச்சைத் தடவிப் பார்த்தேன். எங்கேயும் விரல் தட்டவில்லை. நிஜமாகவே பெருமையாக இருந்தது.

மாதிரி மூடியோடு திண்டிவனத்துக்கு நானும் போனேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டாமா? கடைக்காரர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கண்ணாடியாட்டம் கீது மேஸ்திரி!” என்றார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவியைக் கூப்பிட்டு மூடியைக் கொடுத்தார்.

அந்த அம்மாள் அதைச் சோற்றுப் பானைமேல் போட்டார். பொருந்தியது. எடுத்தார். எல்லாரும் செய்வதுபோல மல்லாக்கத் தரையில் வைத்து, குழம்புக் கரண்டியை அதற்குள் போட்டார். மூடி ஒரு பக்கம் சாய்ந்தது, மறு பக்கம் சாய்ந்தது, கரண்டியைக் கீழே தள்ளிவிட்டுத் தொட்டிலாய் ஆடியது. தரையெல்லாம் குழம்பு.

“பாக்க லட்சணமாத்தான் கீது. ஆனா கீழ வச்சா ஆடிக்கினே கீதேம்மா! இத ஒரு கையில புடிச்சிக்கினு ஒரு கையாலயா நானு சோறு போடறது?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நானும் தினமும் மூடியை மல்லாக்க வைக்கிறவள்தானே! மூடி என்றால் மூடுவதற்கு என்றே நானும் இவரும் நினைத்திருந்தோம். திறந்த பிறகு அது எங்கே உட்காரும் என்று யாருக்குத் தோன்றியது? நாம் ஆசைப்பட்டுச் செய்கிற முக்கால்வாசிப் பொருள்கள் இப்படித்தான் — கண்ணுக்காகச் செய்கிறோம், பிறகு கை வந்து கேள்வி கேட்கிறது.

“பேஜாராவாதீங்க மேஸ்திரி” என்றார் கடைக்காரர். “உச்சியில ஒரு உள்ளங்கை அகலம் தட்டையாக்கிக் குடுத்துடுங்க. குந்திக்கும். மொத்த வேலையும் ஒங்களுக்குத்தான்.”

சந்தோஷமான சமாசாரம்தானே? இவர் விழுப்புரம் வரும் வரை அந்த மூடியின் உச்சியைத் தடவிக்கொண்டே வந்தார். பட்டினி அன்றைக்குத்தான்.

காலையில் அச்சை லேத்தில் மாட்டினார். டூலை உச்சிக்குக் கொண்டுபோனார். கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

“ஏங்க, இன்னா ஆச்சு?”

“கை வரமாட்டேங்குது. நீ சுத்து.”

“நானா?”

“மெதுவா சுத்து. அது பாட்டுக்கு வெட்டும்.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் குழாயடி நினைவுக்கு வந்ததும் கைப்பிடியைச் சுற்றிவிட்டேன். அத்தனை நாள் பாடுபட்ட உச்சி, பால் பொங்குகிற நேரத்துக்குள் தட்டையாகிவிட்டது.

இப்போது திண்டிவனத்துக்கு மூடிகள் மூட்டை மூட்டையாகப் போகின்றன. எல்லாம் சமர்த்தாகக் குந்துகின்றன. அந்த முதல் மூடியை மட்டும் இவர் கொடுக்க மறுத்துவிட்டார். அது எங்கள் பானைமேல்தான் இருக்கிறது. நான் சோறு போட்டு முடிக்கும் வரை அதை யாராவது கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இவரே நிற்கிறார்.