பச்சைமுத்துவின் லைன்

நான்காம் வகுப்போடு படிப்பை விட்ட பச்சைமுத்து, ஜீவனஹள்ளி முழுக்கத் தன் கையால் கேபிள் இழுத்தவர். முதலில் டிவிக்கு, பிறகு இன்டர்நெட்டுக்கு. படித்த இன்ஜினியர்களே அவரைக் கேட்டுவிட்டுத்தான் கம்பத்தில் கை வைப்பார்கள். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். மகள் சௌம்யா தூரத்துத் தீவு நாடொன்றில் ஓட்டல் வேலையில் இருக்கிறாள். பத்து நாளாக அவளிடமிருந்து அழைப்பில்லை.

“அந்த ஊருக்கே கடலுக்கடியில ஒத்தை கேபிள்தான். அது அறுந்துபோச்சு. நான் அங்க இருந்தா அரை நாள் வேலை,” என்று தெருவில் எல்லோருக்கும் விளக்கினார்.

எதிர்வீட்டு உஷா தயங்கினாள். “அது போன வாரமே சரியாயிடுச்சாம் மாமா. நேத்து சௌம்யா என்கிட்ட வீடியோல பேசினாளே.”

பச்சைமுத்து அண்ணாந்து தன் வீட்டு மாடிக்குப் போகும் ஒயரைப் பார்த்தார்.

“அப்போ என் லைன்லதான் கோளாறு,” என்றார்.

முப்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. மாடியேறி, நன்றாக இருந்த ஒயரை வெட்டி, புது கனெக்டர் மாட்டினார். “எனக்கு ஒரு வீடியோ கால் போடும்மா, பாக்கலாம்.”

உஷாவின் முகம் துல்லியமாக வந்தது. “நல்லா தெரியுறீங்க மாமா. வெச்சிடட்டுமா?”

“இரும்மா,” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் டெஸ்ட் பண்ணணும்.”