மடக்கு சீட்டும் மசூர் நானாவின் பாட்டும்

போன கிழமை புத்தளம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் திரீவீலில் வந்தேன். வழியில் பாட்டு பட்டென்று நின்றது. ஓட்டி வந்த தம்பி செட்டின் தலையில் இரண்டு குத்து விட்டான். “அதுக்கு அடிக்காதீங்க தம்பி, காலுக்குக் கீழ கிடக்கிற றப்பர் மெட்டத் தூக்கி வயரப் பாருங்க” என்றேன். கண்ணாடி வழியாக அவன் பார்த்த பார்வை இருக்கிறதே! முழங்கால் வலியோடு முனகிக்கொண்டு ஏறிய இந்த மனுசிக்கும் வயருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்திருப்பான். பெரிய சம்பந்தம் ஒன்றுமில்லைதான். ஒரு காலத்தில் ஒரு வயர் என் கலியாணப் பேச்சைக் கலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போது எனக்கு விஞ்ஞான டீச்சராகப் புதிதாக நியமனம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடம் மதுரங்குளிப் பக்கம். கற்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து பாலாவிச் சந்தியில் இறங்கி நிற்பேன். உப்பளக் காற்றில் உதடு கரிக்கும். புத்தளத்திலிருந்து டீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு மசூர் நானாவின் வான் வரும். கடைசியாக ஏறுகிறவளுக்கு எந்த சீட் கிடைக்கும்? வானின் நடு நடைவழியில் மடித்து வைத்திருக்கும் சீட்டை இறக்கிவிட்டு, அதில் ஒடுங்கிக்கொண்டு இருப்பேன். வேறு யாரும் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

மசூர் நானாவுக்குப் பாட்டென்றால் உயிர். கொழும்பிலிருந்து ஒரு அம்ப்ளிபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வாங்கி வந்து, கடைக்காரனை நம்பாமல் தானே வானில் பூட்டி வயரும் இழுத்தார். வில்லங்கம் அன்றைக்கே தொடங்கியது. புத்தளத்திலிருந்து பாலாவி வரை வான் பாடிக்கொண்டு வரும். நான் ஏறி இருந்தால் பாட்டு செத்துப்போகும். பள்ளிக்கூடத்தில் நான் இறங்கியதும் மறுபடி உயிர் வந்துவிடும்.

முதலில் எல்லோரும் சிரித்தோம். மசூர் நானா பியூஸை மாற்றினார். பிறகு பெற்றரியின் முனைகளில் பூத்திருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டி, “உப்புக் காத்து டீச்சர், இரும்பையே தின்னுது” என்று காற்றைத் திட்டினார். பிறகு பெற்றரியையே மாற்றினார். புதுப் பெற்றரியும் பாலாவி வரைக்கும்தான் பாடியது.

“டீச்சர் ஏறுறா, பாட்டு இறங்குது” என்றார் ஒரு நாள். பகிடிக்குத்தான் சொன்னார். முன் சீட்டில் இருந்த பரீதா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

பரீதா டீச்சர் எங்களுக்கெல்லாம் மூத்தவர், தமிழ் படிப்பித்தவர். கனமூலையில் கடை வைத்திருந்த தன் தம்பிக்கு என்னைக் கேட்டு, உம்மாவோடு கதைத்துவிட்டும் போயிருந்தார். அவர் வீட்டிலிருந்து இனிப்புக்கு வட்டிலப்பம்கூட வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கதை சத்தமில்லாமல் நின்றது. ‘ராசியில்லாத புள்ளயாம்’ என்று யாரோ சொல்லக் கேட்டு உம்மா அழுதார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் பாருங்கள், ஒளியும் மின்னும் படித்த நான், அதற்குப் பிறகு சில நாட்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி, மூச்சைப் பிடித்து, பாதிப் பாரத்தைக் காலில் தாங்கிக்கொண்டுதான் அந்த சீட்டில் இருந்தேன். அப்படியும் அது செத்தது.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒருமுறை நானும் செய்து பார்ப்போம் என்று பிறகுதான் புத்தி வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன நடக்கிறது பார். பள்ளிக்கூடம் விட்டு வானில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, “பரீதா டீச்சர், இண்டைக்கு நீங்க மடக்கு சீட்டில இருங்க, நான் முன்னுக்கு இருக்கிறன்” என்றேன்.

“எனக்கென்னத்துக்கு புள்ள?” என்று இழுத்தார். மற்ற டீச்சர்மார் விடவில்லை. அடுப்பில் ஏறுகிறவர் போல வந்து மெல்ல இருந்தார். பாட்டு நின்றது.

“யா அல்லாஹ்! நான் ஒண்டும் செய்யல்ல!”

துள்ளி எழுந்தார். பாட்டு வந்தது. இருந்தார், நின்றது. பிறகு யாரும் சொல்லாமலே எழும்பியும் இருந்தும் பார்க்கத் தொடங்கிவிட்டார், சின்னப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு. வானே குலுங்கியது.

மசூர் நானா கீழே கிடந்த றப்பர் மெட்டைத் தூக்கினார். அம்ப்ளிபயருக்குப் போகும் வயர் அந்த வழியாகத்தான் ஓடியது. நடுவில் ஒரு ஒட்டு, முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியது. சரியாக அதன் மேல்தான் சீட்டின் கால் வந்து இறங்கியது. காலில் பாரம் ஏறினால் முறுக்கு விலகும், எழும்பினால் ஒட்டிக்கொள்ளும்.

“ஆர் இப்பிடிச் சுத்தினது?” என்றார் பரீதா டீச்சர்.

மசூர் நானா தலையைச் சொறிந்தார். அடுத்த நாளே ஒட்டில்லாத புது வயரை ஓரத்தால் இழுத்துவிட்டார்.

கொஞ்ச நாளில் பரீதா டீச்சர் ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்தில் கதிரையைப் போட்டார். “புள்ள, தம்பிட கதையத் திரும்ப எடுப்பமா? நான் அதெல்லாம் நம்பல்ல.”

“நம்பாட்டி ஏன் டீச்சர் நிப்பாட்டினீங்க?”

“நம்பினதுதான்” என்றார். “மனசில வெச்சிக்கொள்ளாதீங்க.”

அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போயிற்று. தம்பியை வேண்டாம் என்றேன், அக்காவை எனக்கும் ராத்தாவாக எடுத்துக்கொண்டேன். உம்மா வெகுநாள் ஏசினார். எனக்குக் கலியாணம் ஆனபோது, சேலை தெரிவு செய்யக் கூட வந்தது பரீதா டீச்சர்தான்.

இப்போது டீச்சர்மார் ஆளுக்கொரு ஸ்கூட்டியில் போகிறார்கள். மசூர் நானா வானை விற்றுவிட்டு மகனோடு நீர்கொழும்புக்குப் போய்விட்டார். போன நோன்பில் பரீதா டீச்சர் மௌத்தானார். கடைசியாக முகம் பார்க்க ஜனாஸா வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு நரைத்த தாடிக்காரர், “உள்ளுக்கு வாங்க டீச்சர்” என்றார் மிக மரியாதையாக. எனக்குப் பேசிய அந்தத் தம்பி! இடம், நேரம் தெரியாமல் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பரீதா டீச்சரிடம் இதைச் சொல்ல வேண்டுமே என்று அவசரமாக உள்ளே போனேன்.