சொல்லாமல் விட்ட வரி

ஐரோப்பாவின் பழைய வரைபடத்தை அவர் என் நூலகத்தின் சன்னலோர மேசையில் விரிக்கும்போதெல்லாம் அது மறுபடி சுருண்டுகொள்ளப் பார்க்கும். நான்கு மூலைகளிலும் எதையாவது வைக்க வேண்டும். ஒரு மூலைக்கு அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒன்றுக்குக் காலி டிபன் பாக்ஸ், மற்ற இரண்டுக்கும் என்னிடமிருந்து தேதி முத்திரையும் மைப்பெட்டியும். மாலை நாலரை மணிக்குக் கடைசி வகுப்பு முடிந்து அவர் வந்தால், கேட்பதற்கு முன்பே இரண்டையும் எடுத்து நீட்டிவிடுவேன்.

பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் இருந்த ஒரு கல்லூரியில் நான் நூலகர், அவர் வரலாற்று விரிவுரையாளர். ஏறக்குறைய ஒரே வயது. அவர் மனைவியை இழந்தவர், ஆஸ்டின் டவுனில் ஒரே மகளோடு இருந்தார். நான் கல்யாணமான மூன்றாம் வருடமே கணவரைப் பறிகொடுத்தவள், குழந்தை இல்லை. அவர் எனக்கு 'சார்', நான் அவருக்கு 'மேடம்'. பதினோரு வருடப் பழக்கத்தில் அந்தச் சொற்கள் மாறவே இல்லை.

முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்று தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். போரில் யார் வென்றார்கள், எத்தனை பேர் மாண்டார்கள் என்பதிலெல்லாம் அவருக்கு அக்கறை இல்லை. ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்ட நாளுக்கும் இங்கிலாந்து போரில் குதித்த நாளுக்கும் இடையில் இருந்த முப்பத்தேழு நாட்கள்தான் அவருக்கு எல்லாம். அந்த நாட்களில் எந்தத் தூதர் யாரிடம் என்ன சொன்னார், எந்தத் தந்தி எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே இருப்பார். நடுவில் நிமிர்ந்து என்னிடம் சொல்வார். நானும் புத்தகங்களுக்கு எண் ஒட்டியபடியே கேட்பேன்.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கட்டம் ஒன்று உண்டு. செர்பியாவுக்கு ஆஸ்திரியா பத்து நிபந்தனைகள் விதித்து, பதில் சொல்ல நாற்பத்தெட்டு மணி நேரம் கொடுத்தது. செர்பியா ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பணிந்தது. முக்கியமான ஒன்றை மட்டும் மறுத்தது. அந்தப் பதிலைப் படித்த ஜெர்மானியச் சக்கரவர்த்தியே, இனிப் போருக்குக் காரணம் இல்லை என்று எழுதி, அதை வியன்னாவுக்குத் தெரிவிக்கச் சொன்னார். அவருடைய தலைமை அமைச்சரோ தாமதித்து, அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அனுப்பினார். அதற்குள் ஆஸ்திரியா போரை அறிவித்துவிட்டது.

"பொய்யே சொல்லல மேடம் அந்த ஆளு. ஒரு லைனை விட்டுட்டாரு, அவ்ளோதான்," என்பார்.

அவருடைய மகள் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்தபோது உடன் படித்த கோயம்புத்தூர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னாள். அப்பாவும் மகளும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவர், ஒரே வீட்டில் இருந்தவளுக்குக் கடிதம் எழுதினார். கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். படிப்பை முடிக்க வேண்டும், ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், பையன் வீட்டார் முதலில் வந்து பேச வேண்டும், கல்யாணம் நம் கோயிலில் நடக்க வேண்டும், அதன் பிறகு பெங்களூரில்தான் குடியிருக்க வேண்டும். ஐந்து நிபந்தனைகள். பதிலுக்கு ஒரு வாரம்.

அந்தப் பெண் நான்குக்கு ஒப்புக்கொண்டாள். ஐந்தாவதை மட்டும் அவளால் ஏற்க முடியவில்லை. பையனின் தொழிலும் பெற்றோரும் கோயம்புத்தூரில் இருந்தார்கள். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கிளம்பிப் போய் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நூலகத்தில் எதிரே உட்கார்ந்து செர்பியாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனிதரிடம், 'சார், நீங்களும் அதையேதான் செய்தீர்கள்' என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது தோன்றியது. தோன்றியதைச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நூலகத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது. சாரிடம் மொபைல் கிடையாது. வீட்டுப் போன் இணைப்பையும் துண்டித்துவிட்டிருந்தார்.

"ஆன்ட்டி, நான்தான். அப்பா எப்டி இருக்காரு? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரலாமான்னு கேட்டுச் சொல்றீங்களா? திட்டினாலும் பரவால்ல."

இரண்டு நாள் முன்புதான் சார் என்னிடம் சொல்லியிருந்தார்: "வந்தா கதவைச் சாத்தவா போறேன்?" வரைபடத்தைப் பார்த்தபடி, எனக்குச் சொல்வது போலவும் தனக்கே சொல்லிக்கொள்வது போலவும் சொன்னார். அதைத்தான் நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இன்னும் மனசு ஆறலம்மா. கொஞ்ச நாள் போகட்டுமே."

அன்று மாலை சாரிடம், "பாப்பா போன் பண்ணா சார். நல்லா இருக்காளாம்," என்றேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு, "வேற ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். "இல்ல, விசாரிச்சா, அவ்ளோதான்," என்றேன். அவர் மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் இன்னும் கொஞ்சம் கனியட்டும், அவசரப்பட்டால் மறுபடி சண்டையாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தில் தவறு காண முடியாது. அதற்கு அடியில் கிடந்த இன்னொன்றை வெகு காலம் நான் குனிந்து பார்க்கவில்லை. மகள் திரும்பி வந்தால், மாலை நாலரைக்கு அவர் நேராக வீட்டுக்குப் போய்விடுவார்.

அவள் பிறகு போன் செய்யவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, கைக்குழந்தையோடு யாரையும் கேட்காமல் நேரே ஆஸ்டின் டவுன் வீட்டுக்கே வந்து நின்றாள். அப்பாவும் மகளும் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். 'நீ ஏன் வரவில்லை?' என்று அவரும், 'வரலாமா என்று கேட்டேனே' என்று அவளும் சொல்லியிருப்பார்கள். மறுநாள் சார் நூலகத்துக்கு வந்து, தன் பெயரில் இருந்த ஏழு புத்தகங்களையும் மேசைமேல் வைத்தார். நான் ஒவ்வொன்றாக முத்திரை குத்தி முடிக்கும்வரை நின்றார்.

"வர்றேன் மேடம்," என்றார்.

அதன் பிறகு அவர் நூலகத்தின் பக்கம் வரவே இல்லை. வராந்தாவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். சன்னலோர மேசையை நான் நாளிதழ்கள் வைக்கக் கொடுத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு இங்கே பெங்களூர் வைட்ஃபீல்டில், வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மகனின் ஃபிளாட்டில் இருக்கிறேன். பதினான்காவது மாடி. கீழே ஆபீஸ் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பல நாட்களில் நான் பேசும் ஒரே சொல் லிஃப்டில் சொல்லும் 'ஃபோர்ட்டீன்' மட்டும்தான். இந்த வருடம் ஒரு நாள், வேறு எதுவும் யோசிக்காமல், சாரின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அப்பாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தேன். 'வாங்க ஆன்ட்டி' என்று இரண்டே சொற்களில் பதில் வந்தது.

கோயம்புத்தூர் போனேன். சார் மெலிந்து, காது மந்தமாகி, வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் காப்பி வைத்துவிட்டு உள்ளே போனாள். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே எனக்குத் தண்டனை போல இருந்தது.

"சார், அன்னிக்கு அவ வரட்டுமான்னு கேட்டா. நான் உங்ககிட்ட சொல்லல. நீங்க சொன்னதையும் அவகிட்ட சொல்லல."

"தெரியும் மேடம்."

"அப்பவே ஏன் என்னைக் கேக்கல?"

"ஏன்னு நீங்க சொல்லிட்டா, அப்புறம் நான் என்ன பண்றது?"

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு சொன்னேன்: "நாலரை மணிக்கு யாராவது வரணும் போல இருந்துச்சு சார்."

"எனக்கும்தான்," என்றார். பிறகு உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் வந்த பக்கம் திரும்பி, "ஆனா அதுக்கு ஒன்றரை வருஷத்தை விலையா கொடுத்தவ அவ," என்றார். குரலில் கோபம் இல்லை.

கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள். "வீடு சேந்ததும் போன் பண்ணுங்க ஆன்ட்டி," என்றாள். அது உபசாரமா, உண்மையான அக்கறையா என்று ரயில் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். காலையில் கே.ஆர்.புரத்தில் இறங்கி மெட்ரோ பிடித்து வீடு சேர்ந்து, பையைக்கூடப் பிரிக்காமல் போன் செய்தேன்.

"சேந்துட்டேன்மா. அப்பாகிட்ட சொல்லிடு."

"இருங்க ஆன்ட்டி, அவர்கிட்டயே தர்றேன். நீங்களே சொல்லிடுங்க."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க மேடம்," என்றார் சார்.

"வந்து சேந்துட்டேன் சார்," என்று கத்திச் சொன்னேன்.

"சரி," என்றார். அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.