எல்லார் முன்னாலும் கேட்ட மன்னிப்பு

வியாழன் காலை வேலைக்குப் போக மெத்ரோ ரயில் நிலையப் படியில் இறங்கும்போது தொலைபேசி அடித்தது. "றெஜினா போயிட்டா, தம்பி," என்றார் றெஜினா அக்காவின் கணவர். நோய் முற்றியிருந்ததால் எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அன்று என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்து, லாசால் பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்துகொண்டே எங்கள் கோவிலின் தமிழ்ப் பாடகர் குழுவைப் பதினொரு ஆண்டுகள் நடத்தியவர் றெஜினா அக்கா. அவருடைய கண்டிப்பு இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சுருதி விலகினால் பாட்டை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். கீபோர்ட் வாசிக்கும் நானும் கையை எடுத்துவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒரு திருவருகைக் காலத்தில் அந்தக் கண்டிப்பு எல்லை மீறியது. சென்னையிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா மூன்றாவது முறையாக ஒத்திகைக்குப் பிந்தி வந்தார். "நேரத்துக்கு வர ஏலாத ஆக்கள் பாட வேண்டாம்," என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா அழுதுகொண்டே போய்விட்டார். அவருடைய மகள் ஆஸ்பத்திரியில் இருந்ததும், கணவர் வந்து மகளோடு இருந்த பிறகே அவரால் கிளம்ப முடிந்ததும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாளே கொட்டும் பனியில் அக்கா நகரின் மறுபக்கம் அஹுன்ட்சிக்கில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஸ்டெல்லாவின் கணவர் கதவைப் பாதிதான் திறந்தார். "பரவால்ல மேடம். நாங்க வேற கோயில் பாத்துக்கிறோம்."

பஸ் நிறுத்தத்தில் நான் ஆறுதல் சொன்னேன். "வந்து கேட்டிட்டீங்கள்தானே அக்கா. அது காணும்."

"காணாது. ஏசினது எல்லாருக்கும் முன்னால. மன்னிப்பை மட்டும் வாசலில நிண்டு கேட்டா எப்பிடி?"

குழுத் தலைவி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று சிலர் தடுத்தார்கள். "பிறக்கப்போறவர் மாட்டுக்கொட்டிலுக்கு வாறார். எனக்கென்ன மரியாதை?" என்றார் அக்கா.

ஞாயிறு பூசையில் திருவருகைக் காலத்தின் மூன்றாம் மெழுகுதிரி ஏற்றியதும் ஒலிவாங்கியின் முன் போய் நின்றார். "ஸ்டெல்லாவை நான் அவமானப்படுத்தினனான். பிழை என்னில. அவ இண்டைக்கு இஞ்ச இல்லை. தெரிஞ்சவை சொல்லிவிடுங்கோ." பிறகு பாடகர்களின் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டார். இவர் எங்கள் அக்கா என்று அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு ஸ்டெல்லா கணவரோடும் குணமாகிவிட்ட மகளோடும் வந்தார். வாசகத்துக்குப் பின் ஒருவர் தனியாகப் பாடும் பதிலுரைப் பாடலை அக்கா அவரிடமே கொடுத்தார். முதல் வரியில் ஸ்டெல்லாவின் குரல் உடைந்தபோது, பின்வரிசையிலிருந்து அக்காவின் குரல் மெல்ல எழுந்து அதைத் தாங்கிக்கொண்டது.

நான் வீம்புக்காரன். சொந்த அண்ணனோடு நாலு வருடம் கதைக்காமல் இருந்தவன். அன்று பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் ரொறன்ரோவுக்கு அழைத்தேன். "அண்ணை, பிழை என்னிலதான்," என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் கதைக்காத வாரம் இல்லை. றெஜினா அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது என் அண்ணன்தான். அக்காவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. நாளை அடக்கப் பூசைக்கு ஆறு மணிநேரம் கார் ஓட்டி வருகிறார்.